ஹாங்காங்கில் வாங்கிய அரசவைக் கண்ணாடியைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோகலாமா?

கேள்வி: ஹாங்காங்கில் பணிபுரிகிறேன். ஹாலிவுட் சாலையிலுள்ள ஒரு கடையில் 18ஆம் நூற்றாண்டுச் சீனப் பேரரசர் சியான்லோங்கின் முத்திரை பொறித்த மஞ்சள் கண்ணாடிக் குடுவையும், அவருக்கு முந்தைய சுவாண்டே பேரரசரின் முத்திரையுள்ள வெண்கலத் தூபக்காலும் வாங்கினேன். இவற்றைப் பெய்ஜிங்கில் ஒரு நிபுணரிடம் காட்டித் திரும்பக் கொண்டுவரச் சட்டத்தில் தடை உண்டா?

பதில்: கொண்டுபோவதற்குத் தடையில்லை, திரும்பும்போதுதான் சிக்கல். தொல்பொருள்களை வெளியே அனுப்பலாமா என்று முடிவுசெய்யும் சீனப் பெருநிலப்பகுதியின் 2007ஆம் ஆண்டுத் தணிக்கை அளவுகோலின்படி, 1911ஆம் ஆண்டு முடிய செய்யப்பட்ட தொல்பொருள் எதுவும் வெளியே செல்லக்கூடாது. ஹாங்காங் தனிச் சுங்கப் பகுதி என்பதால், பெய்ஜிங்கிலிருந்து அங்கே வருவதும் வெளியே செல்வதாகவே கொள்ளப்படும்.

தற்காலிகமாக உள்ளே வந்த பொருளுக்கு மட்டும் வழி இருக்கிறது. நுழையும்போதே சுங்கத்தில் அறிவித்தால், அவர்கள் முத்திரையிட்டு அனுப்பும் பெட்டியைத் தொல்பொருள் தணிக்கை அலுவலகம் பிரித்துப் பார்த்துப் பதிவு செய்யும். திரும்பும்போது அந்தப் பதிவோடு ஒப்பிட்டு அனுமதி வழங்கும். நீட்டிப்பு பெறாவிட்டால் 6 மாதங்களுக்குள் வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அறிவிக்காமல் போனால் உங்கள் கையில் கடை ரசீது மட்டுமே இருக்கும்; அது தணிக்கைப் பதிவுக்கு ஈடாகாது. தடைசெய்யப்பட்ட தொல்பொருளைக் கடத்தும் குற்றத்துக்குச் சீனக் குற்றவியல் சட்டத்தின் 151ஆம் பிரிவு பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும், மிகக் கடுமையான வழக்குகளில் ஆயுள் தண்டனை வரையும் விதிக்கிறது. பொருளின் தரம் உயர உயரத் தண்டனையும் கூடும். சியான்லோங்கின் பாட்டனார் காங்சி பேரரசர் 1696இல் நிறுவிய அரண்மனைக் கண்ணாடிப் பட்டறையில் உங்கள் குடுவை உருவானது என்று தெரியவந்தால், நீங்கள் மகிழ வேண்டிய செய்தியே உங்களுக்கு எதிரான சாட்சியமாகிவிடும்.

தூபக்கால் போலியாக இருக்கலாம் என்று எண்ணி அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். சுவாண்டே பேரரசரின் ஆட்சி 1435இல் முடிந்தது. அவர் முத்திரையோடு இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பிற்காலத்தவை. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் செய்த நகலும் 1911க்கு முந்தையதே.

ஆகவே நீங்கள் கொண்டுபோக வேண்டாம் என்பதே என் கருத்து. அடிப்பகுதியின் தெளிவான படங்களை முதலில் அந்த நிபுணருக்கு அனுப்புங்கள்; தேவையானால் அவரை ஹாங்காங்குக்கு வரவழையுங்கள்.

இதற்கிடையே ரசீதை எடுத்துப் பாருங்கள். “சியான்லோங் காலத்தது” என்று எழுதியிருந்து அது பொய்யானால், ஹாங்காங்கின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விவரிப்புக்குப் பொருந்தாத பொருள் என்று 6 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். “சியான்லோங் முத்திரையுடையது” என்று மட்டும் இருந்தால், கடைக்காரர் காலத்துக்குப் பொறுப்பேற்கவில்லை என்றே வாதிடுவார்; வாங்கும்போது அவர் வேறு ஏதேனும் எழுத்தில் அனுப்பியிருந்தால் அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.