‘வேண்டாம்’ என்று ஒருமுறை தள்ளினால் மீனே மறைந்துபோவது ஏன்?

கேள்வி: நாகர்கோவிலில் மீன், காய்கறி, பழம் எல்லாம் வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் செயலி நடத்துகிறோம். பரிந்துரைப் பட்டியலில் ‘வேண்டாம்’ பொத்தான் வைத்து, வாங்கினால் +1, வேண்டாம் என்றால் −1 என்று, பரிந்துரைகளைக் கணிக்கும் மாடலுக்குக் கொடுத்தோம். சாளையை ஒருமுறை தள்ளியவருக்கு அயலை, நெத்திலி எல்லாமே மறைந்துவிட்டன. வேறு சிலருக்கோ தள்ளிய பொருளே திரும்பத் திரும்ப வருகிறது. எங்கே பிழை?

பதில்: இவை இரண்டும் தனித்தனிப் பிழைகள்.

தள்ளியது திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பதிவில்தான் இருக்கும். பொத்தான் மூன்று புள்ளி மெனுவுக்குள் இருந்தால், அந்த மெனுவைத் திறக்கும் தட்டலே ‘கிளிக்’ என்று பதிவாகி, ஆர்வமாக எண்ணப்படும். ஒரே ஒரு பயனரின் ஒரு நாள் பதிவைக் கையால் வரிவரியாகப் படியுங்கள், தெரிந்துவிடும். வாங்கிய வரிசையைப் படித்து அடுத்ததை ஊகிக்கும் மாடல் என்றால், ஒவ்வொரு நிகழ்வுடனும் அது வாங்கியதா, பார்த்ததா, தள்ளியதா என்ற வகையும் உள்ளே போக வேண்டும். வகை இல்லாமல் போனால், தள்ளிய சாளையும் தேடிய சாளையும் மாடலுக்கு ஒன்றுதான். இதோடு, தள்ளிய பொருளைக் காட்டாத ஒரு சின்னத் தடைப் பட்டியலும் தேவை. அன்றைய பதிவுகளை மாடல் கற்கும் இரவுப் பயிற்சி முடியும்வரை வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார்.

மீன் வகையே மறைவது −1இன் வேலை. யார் எதை வாங்கினார் என்ற அட்டவணையிலிருந்து விருப்பத்தை ஊகிக்கும் மேட்ரிக்ஸ் ஃபேக்டரைசேஷன் முறையில் பயனரும் பொருளும் எண் வரிசைகள். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் பொருத்தம் அதிகம். சாளையும் அயலையும் சேர்ந்தே வாங்கப்படுவதால் அவற்றின் வரிசைகள் ஏறக்குறைய ஒரே திசையில் நிற்கும். −1 என்ற இலக்கை எட்ட, மாடல் பயனரை அந்தத் திசைக்கு நேர் எதிரே தள்ளுகிறது. கூட இருக்கும் மீன்கள் விழுகின்றன. அவர் கேட்டேயிராத ஏதோ ஒன்று மேலே ஏறுகிறது. ‘வேண்டாம்’ என்றவர் சொன்னது ‘இதைக் காட்டாதே’ என்பது மட்டும். ‘இதற்கு எதிரானது பிடிக்கும்’ என்று அவர் சொல்லவில்லை.

ஆகவே இலக்கை மாற்றுங்கள். 2023இல் கூகுள் ஆய்வாளர்கள் பரிந்துரை அமைப்புகளுக்கான ரெக்சிஸ் மாநாட்டில் வெளியிட்ட முறை உங்களுக்குப் பொருந்தும். அந்தப் பொருளைப் பரிந்துரைக்கும் நிகழ்தகவை 1இலிருந்து கழித்து, அதன் இயல் மடக்கையை (லாக்) எதிர்க்குறியிட்டு இழப்பாகச் சேர்க்கிறார்கள். இழப்பு என்பது மாடல் பயிற்சியில் குறைக்கப் பார்க்கும் தவறின் அளவு. மாடல் 0.9 நிகழ்தகவோடு சாளையை நீட்டியிருந்தால் இழப்பு 2.30. வெறும் 0.05 என்றால் இழப்பும் ஏறத்தாழ 0.05தான். நீட்டப் போனதை மட்டும் அது அடக்கும், நீட்டாததைத் துரத்தாது. இந்த இழப்புக்கு 0.1, 0.3, 1 என்று எடை வைத்து மூன்று முறை பயிற்றுவித்துப் பாருங்கள். 0.1இலேயே வகை முழுதும் சரிந்தால் எடையைக் குறைப்பதற்கு முன் பதிவைச் சந்தேகப்படுங்கள்.

இதைவிட முக்கியம், காரணத்தைக் கேட்பது. ‘பிடிக்காது’, ‘விலை அதிகம்’, ‘வாங்கிவிட்டேன்’, ‘இப்போது வேண்டாம்’ என்று நான்கு தேர்வுகள் போதும். நம் மாவட்டத்தில் இது இல்லாமல் சரிவராது. கார்த்திகையில் மாலை போட்ட வீடு 41 நாள் மீனைத் தள்ளும்; விரதம் முடிந்தால் திரும்ப வாங்கும். குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது விழும் ‘வேண்டாம்’ பெரும்பாலும் விலைக்கானது. இந்த இரண்டையும் ‘மீன் பிடிக்காதவர்’ என்று மாடல் மனப்பாடம் செய்தால், விரதமும் தடையும் முடிந்தபின் உங்களுக்குத்தான் நஷ்டம். ‘பிடிக்காது’ மட்டும் மேலே சொன்ன இழப்புக்குப் போகட்டும். ‘விலை அதிகம்’ என்பது மாடலில் விலையைக் கவனிக்கும் கூறுக்குப் போகட்டும். ‘வாங்கிவிட்டேன்’ என்றால் அந்தப் பொருளை மறுபடி வாங்கும் இடைவெளி வரை நிறுத்திவையுங்கள். அரிசிக்கும் நெத்திலிக்கும் அது ஒன்றல்ல. காரணம் சொல்லாத ‘வேண்டாம்’ 30 நாளுக்கு ஒருமுறை பாதி எடையாகத் தேயட்டும்.

பார்த்தும் தட்டாமல் விட்டதை வெறுப்பாகக் கணக்கிடாதீர்கள். திரையில் பாதியாவது, ஒரு நொடியாவது தெரிந்ததை மட்டும் ‘பார்த்தார்’ என்று கொள்ளலாம். அதுவும் பலவீனமான குறிப்புதான். ‘வேண்டாம்’ எண்ணிக்கையையும் நேராக எடுக்காதீர்கள். அதிகம் காட்டப்படும் மட்டிப்பழத்துக்குத்தான் அதிகம் விழும். காட்டிய தடவைகளால் வகுத்துப் பாருங்கள்.

சரிவந்ததா என்று ஆர்டர் கணக்கில் தெரியாது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா 2022இல் சோதித்தபோது, யூடியூபின் ‘ஆர்வமில்லை’ பொத்தான் வேண்டாத பரிந்துரைகளில் சுமார் 11 சதவீதத்தைத்தான் தடுத்தது. ‘இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே’ 43 சதவீதம். ஆகவே ‘இந்த விற்பனையாளர் வேண்டாம்’ என்றும் ஒரு வழி கொடுங்கள். உங்கள் சோதனை இப்படி இருக்கட்டும்: ஒரே பயனரின் வரலாற்றை, ‘வேண்டாம்’ நிகழ்வோடு ஒருமுறை, அதை எடுத்துவிட்டு ஒருமுறை மாடலுக்குக் கொடுத்து, முதல் 20 பரிந்துரைகளை ஒப்பிடுங்கள். சாளை இறங்கி அயலை அதே இடத்தில் நின்றால் சரி. இரண்டு பட்டியலும் ஒன்றாகவே இருந்தால் பொத்தான் மாடலைத் தொடவே இல்லை.