தேனீப் புழு அழுகல்: நச்சு நொதி ஆராய்ச்சியை நம்பிக் காத்திருக்கலாமா?

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோவில் நான்கு தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். வேறொருவரிடம் வாங்கிய, தேனடை தாங்கும் பழைய சட்டங்களைப் போட்ட பெட்டியில், மூடிய புழு அறைகள் உள்வாங்கி ஓட்டை விழுந்திருக்கின்றன. புழுக்கள் காப்பி நிறமாகிவிட்டன, நாற்றமும் அடிக்கிறது. குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் இந்த நோய்க்கிருமியின் நச்சு நொதியை ஆராய்வதாக வாசித்தேன். அதற்கு மருந்து வரும்வரை ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்துச் சமாளிக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. முதலில் ஒரு தீக்குச்சியை எடுத்து, சந்தேகமான அறைக்குள் விட்டுக் கிளறி மெதுவாக வெளியே இழுங்கள். பழுப்பு நிறக் கூழ் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நூலாக நீண்டு வந்தால், அது புழு அழுகல் நோயின் கொடிய வகையான அமெரிக்கன் ஃபவுல்புரூட்டாகவே இருக்கும். ஐரோப்பிய வகையில் புழுக்கள் பெரும்பாலும் அறை மூடுவதற்கு முன்பே செத்துவிடும், நூலும் இப்படி நீளாது.

நீங்கள் வாசித்த ஆராய்ச்சி உண்மைதான். இந்த நோயை உண்டாக்கும் பேனிபாசிலஸ் லார்வே என்ற பாக்டீரியாவில் இருக்கும் சி3லார்வின் என்ற நொதியைப் பற்றி குவெல்ஃப் ஆய்வாளர்கள் 2015இல் கட்டுரை வெளியிட்டார்கள். இந்த வகை நொதிகள், உயிரணுவின் உருவத்தைத் தாங்கும் சட்டகத்தை நிர்வகிக்கும் 'ரோ' புரதத்தில் ஒரு வேதித் துண்டை ஒட்டி, அதை முடக்கிவிடும். கிருமி புழுவின் குடலில் பெருகி, குடல் சுவரைத் துளைத்துத்தான் உடலுக்குள் பரவுகிறது. அந்தத் தாக்குதலுக்கு உதவும் நச்சுகளை அடைத்துவிட்டால், கிருமியைக் கொல்லாமலே நோயின் வீரியத்தைக் குறைக்கலாம் என்பது எண்ணம். கொல்லாத மருந்துக்குக் கிருமியிடம் எதிர்ப்புத்திறன் வளர்வதும் மெதுவாக இருக்கலாம். எனக்கு இதில் நிறைய நம்பிக்கை உண்டு. ஆனால் அது இன்னும் ஆய்வுக்கூட வேலைதான், கடையில் வாங்கும் மருந்து அல்ல.

உங்கள் பெட்டியில் உள்ள பிரச்சினை வித்துகள், அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலையில் இருக்கும் பாக்டீரியா. காய்ந்த அடையில் அவை முப்பது வருடத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். அப்போதுதான் பொரித்த ஒரு புழுவுக்குப் நோய் வரப் பத்து வித்துகளே போதும். ஆக்ஸிடெட்ராசைக்ளின் பெருகும் பாக்டீரியாவை மட்டும் அடக்கும், வித்துகளை ஒன்றும் செய்யாது. வெளியே பெட்டி தேறிவிட்டதுபோல் தெரியும், மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பும். இடையில் நீங்கள் சட்டங்களை மாற்றி மாற்றிப் போட்டால் நான்கு பெட்டிகளும் போய்விடும். அதுதான் என் பயம். கனடாவில் 2018 டிசம்பர் முதல் இந்த மருந்துக்குக் கால்நடை மருத்துவரின் சீட்டும் வேண்டும்.

அதனால் நூல் நீண்டால் உடனே மாகாணத் தேனீத் துறைக்குச் சொல்லுங்கள், சொல்ல வேண்டியது கடமையும்கூட. பரிசோதகர் வரும்வரை அந்தப் பெட்டியிலிருந்து தேன், சட்டம், தேனீ எதையும் நகர்த்தாதீர்கள். வாசலைச் சின்னதாக்குங்கள். வலுவிழந்த கூட்டுக்குப் பக்கத்துத் தேனீக்கள் தேன் திருட வரும், வித்துகளையும் சுமந்து போகும். நோய் உறுதியானால், மாலையில் தேனீக்கள் திரும்பியபின் அவற்றைக் கொன்று, அடைகளோடும் சட்டங்களோடும் குழியில் எரித்து மண்ணால் மூடச் சொல்வார்கள். உயிரோடு இருக்கும் கூட்டை எரிப்பது மனதுக்குக் கஷ்டம், தெரியும். ஆனாலும் செய்யுங்கள். காலிப் பெட்டியைக் காமா கதிர்வீச்சால் சுத்தப்படுத்த முடியுமா என்று பரிசோதகரிடமே கேளுங்கள்.

அந்தத் தேன் மனிதருக்கு இந்த நோயைத் தராது, ஆனால் எந்தத் தேனீக்கும் ஊட்டக் கூடாது. மற்ற மூன்று பெட்டிகளிலும் புழு அடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தேனீக்களை உதறிவிட்டுப் பாருங்கள். ஒரு பெட்டியில் பயன்படுத்திய கையுறையும் சட்டம் நெம்பும் உளியும் கழுவாமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.