விசுவாசம் இருந்தால் போதாதா, ஞாயிறு தவறாமல் சபைக்குப் போக வேண்டுமா?

கொழும்பில் தமிழ்ச் சபை ஒன்றை நடத்தும் போதகன் நான். வீட்டில் ஜெபிக்கலாமே என்பது நியாயமான கேள்விதான். வீட்டு ஜெபத்தைக் கர்த்தர் கேட்கமாட்டார் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் வேதாகமத்தில் எபிரெயர் 10:25, கூடிவருவதை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லும்போது, ஒருவருக்கொருவர் தைரியம் சொல்வதையும் சேர்த்தே சொல்கிறது. அதைத் தனியாக எப்படிச் செய்வது?

இதை நான் பிரசங்க மேடையில் கற்றுக்கொள்ளவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு கொழும்புக் கத்தோலிக்கர் திருப்பலியைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள். அந்த வாரங்களில் எங்கள் சபையாரும் தொலைபேசியில் அழைத்தார்கள். பிரசங்கத்தை அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. "ஐயா, எப்ப திரும்பக் கூடுவோம்?" என்றுதான் கேட்டார்கள். கொரோனா காலத்தில் சூமில் ஆராதனை நடத்தியபோதும் இதே கதைதான். பாட்டு வந்தது, வசனம் வந்தது, ஆராதனை முடிந்து பிளேன்டீயோடு வாசலில் நிற்கிற அந்த அரைமணி நேரம் மட்டும் வரவில்லை. வேலை போனவரையும் வருத்தக்காரரையும் நான் அறிந்துகொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

சபையில் மனம் நொந்து விலகியவர்களும் உண்டு. அவர்களிடம் வசனத்தை நீட்டாதீர்கள். முதலில் காயத்தைக் கேளுங்கள். அப்புறம் வேறொரு சபைக்குப் போனாலும் பரவாயில்லை, எனக்குக் கோபமில்லை.