ஞாயிறு மதியமும் செவ்வாய் இரவும்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் மதுரையில் ஒரு சபையின் வாலிபர்கள், பத்துப் பன்னிரண்டு பேர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியார் பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ரோட்டோரத்தில் இருப்பவர்களுக்கு நூறு பொட்டலம் சாப்பாடு கொடுக்கிறோம். ஆரம்பித்தபோது இருந்த சந்தோஷம் இப்போது இல்லை. போன மாதம் சில பொட்டலங்கள் பிரிக்கப்படாமலேயே குப்பைத்தொட்டியில் கிடந்தன. சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் தேவசெய்தி கொடுக்க வேண்டும் என்று மூப்பர் ஒருவர் சொல்கிறார். அது எனக்கு உறுத்துகிறது, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. வருகிற வாலிபர்களும் குறைந்துகொண்டே போகிறார்கள். இந்த ஊழியத்தைத் தொடர்வதா, நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை ஏதாவது இல்லத்துக்குக் கொடுத்துவிடுவதா?

(பெயர் வேண்டாம்)
மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

நிறுத்த வேண்டாம். ஞாயிறு மதியத்தை விட்டுவிட்டு, செவ்வாயோ புதனோ, வாரநாளில் ஓர் இரவுக்கு மாறுங்கள். நூறு பொட்டலத்தை முப்பது பேர் சாப்பாடாகக் குறையுங்கள். அந்த முப்பது பேர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான காரணங்கள்.

குப்பைத்தொட்டியில் பொட்டலத்தைப் போட்டவர் மேல் கோபப்படாதீர்கள். ஞாயிறு மதியம் மதுரையில் சோறு கொடுக்க வருபவர்கள் அதிகம். உங்களைப்போலவே ஆராதனை முடித்து வருகிற சபைகள், பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கொடுப்பவர்கள், அப்பாவின் நினைவுநாளுக்குக் கொடுப்பவர்கள், எல்லாருக்கும் அன்றைக்குத்தான் லீவு. போகிற இடமும் ஒன்றுதான்: ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்கள். உங்கள் பொட்டலம் அவருக்கு அன்று மூன்றாவதாக வந்திருக்கும். இரவுக்கு எடுத்துவைக்கலாமே என்று நமக்குத் தோன்றும். இந்த ஊர் வெயிலில் மதியச் சோறு இரவுவரை தாங்காது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

இதையொட்டி ஒன்று கேட்கிறேன். ஆராதனைக்கு முன்பே சமைத்துவிடுகிறீர்களா? காலை எட்டு மணிக்கு வடித்து, சூட்டோடு பொட்டலம் கட்டி, ஒரு மணிக்குக் கொடுத்தால் அந்தச் சோறு ஐந்து மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடந்திருக்கிறது. பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசியில் இயல்பாகவே இருக்கும். கொதிக்கவைத்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்குகிற அந்த நஞ்சு திரும்பச் சுடவைத்தாலும் போகாது. சமைத்த உணவை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். வீட்டில் இருக்கிற நமக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கு வந்தால் சமாளித்துவிடலாம். கழிப்பறைக்குப் போகவும் காசு வேண்டியிருக்கிற ஒருவருக்கு அது எத்தனை பெரிய வேதனை, யோசித்துப் பாருங்கள்.

இரவில் இட்லி போதும். பல் இல்லாத தாத்தாவுக்கும் இறங்கும், சூடாக எடுத்துப்போவதும் சுலபம். தேங்காய்ச் சட்னி சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் கொதிக்கக் கொதிக்கச் சாம்பார்.

இரவில் போனால் நீங்கள் பார்க்கிற ஆட்களே வேறாக இருப்பார்கள். மாசி வீதிகளிலும் டவுன்ஹால் ரோட்டிலும் கடை அடைத்த பிறகுதான் ஷட்டர் வாசல்களில் படுப்பவர்கள் வந்து சேர்வார்கள். பகலில் அவர்கள் உங்கள் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் வேலைக்குப் போயிருப்பார்கள். மூட்டை தூக்குவது, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவது, இலை எடுப்பது. வீடில்லாதவர் என்றாலே பிச்சை எடுப்பவர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர்களில் பலர் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் தெருவுக்குத் தெரு நீர்மோரும் அன்னதானமும் இருக்கும், அப்போது உங்கள் இட்லி யாருக்கும் அவசரமில்லை. முகூர்த்த மாதங்களில் மண்டப வேலை உண்டு, அங்கேயே சாப்பாடும் கிடைத்துவிடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அந்த மாதங்களில்தான் கடை வாசல்களில் பசி. ஐப்பசி மழையில் படுக்கக் காய்ந்த இடம்கூட இருக்காது. காணிக்கைப் பணத்தை வருடம் முழுக்க ஒரே அளவாகச் செலவழிக்காமல் இந்த மாதங்களுக்கென்று சேர்த்துவையுங்கள்.

இனி உங்கள் மூப்பர் சொன்னது. அவரை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த அன்று இயேசு முதலில் உபதேசித்தார், பிறகுதான் போஜனம் என்று மாற்கு 6-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார். காட்டினால், அந்த அதிகாரத்தையே அவரோடு உட்கார்ந்து மெதுவாக வாசியுங்கள். அந்த ஜனங்கள் இயேசுவைத் தேடிப் பட்டணங்களிலிருந்து கால்நடையாக ஓடி வந்தவர்கள். நம்மிடம் வருபவர் பசிக்காக வருகிறார். பொழுதுபோனதும், இவர்களை அனுப்பிவிடும், போய் வாங்கிச் சாப்பிடட்டும் என்று சொன்னவர்கள் சீஷர்கள். நீங்களே சாப்பாடு கொடுங்கள் என்றார் ஆண்டவர். கவனித்துக் கேட்டவர் யார், கேட்காதவர் யார் என்று அவர் பிரிக்கவில்லை. எல்லாரையும் பசும்புல்லின்மேல் பந்தி பந்தியாக உட்காரச் சொன்னார்.

அந்த உட்காரவைத்தல் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒரு தார்ப்பாய், தட்டு, டம்ளர் கொண்டுபோங்கள். உட்காரவைத்துப் பரிமாறுங்கள். இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்று கேளுங்கள். போதும் என்று சொல்கிற வாய்ப்பே அவருக்கு எப்போதாவதுதான் கிடைக்கிறது. நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், பேச்சு தானாக வரும். ‘எனக்காக ஜெபம் பண்ணுங்க தம்பி’ என்று கேட்பவர்களும் இருப்பார்கள். கேட்டால் அவர் பெயரைச் சொல்லி, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் ஜெபியுங்கள். கேட்காதவரிடம் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பசியோடு நிற்பவரிடமிருந்து வாங்குகிற ஆமென் ஆண்டவருக்கு வேண்டியதில்லை என்று முழுமனதோடு நம்புகிறேன். மத்தேயு 25-இல் ‘பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள்’ என்று ராஜாவாக வருகிற ஆண்டவர் சொல்லும்போது, எப்போது உம்மைப் பசியோடு கண்டோம் என்று நீதிமான்கள் திகைத்துப்போய்க் கேட்கிறார்கள். யாருக்குச் செய்கிறோம் என்பதே தெரியாமல் செய்திருக்கிறார்கள். மூப்பரிடம் இந்த இடத்தையும் வாசித்துக் காட்டுங்கள்.

போட்டோ எடுக்க வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தன் முகத்தைச் சொந்த ஊர்க்காரர் பார்த்துவிடுவாரோ என்று பயந்தே சாப்பிட வராமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். வரவு செலவைச் சபையில் வாசித்தால் போதும்.

ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம் என்று தவறாமல் போனால், சில மாதங்களில் இந்த வாரம் யார் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும். உங்கள் ஊழியம் உண்மையில் அப்போதுதான் தொடங்கும். காலில் துணி சுற்றியிருப்பவருக்குச் சர்க்கரைப் புண் என்று தெரிந்தால், மறுநாள் காலை அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக உங்களில் ஒருவர் லீவு போட வேண்டும். தனியாகப் போகக் கூச்சப்படுவார், சீட்டு வாங்கவும் வரிசையில் நிற்கவும் ஒரு துணை வேண்டும். தனக்குள்ளே பேசிக்கொண்டு, தட்டைக்கூடத் தொடாமல் இருப்பவரைப் பார்த்துப் பாவம் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 100-ஆவது பிரிவு இவர்களுக்காகவே இருக்கிறது. மனநோயால் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது அந்தப் பகுதிக் காவல்நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. இந்தப் பிரிவை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, உங்கள் மூப்பரையும் கூட்டிக்கொண்டு காவல்நிலையத்துக்குப் போய்ப் பணிவாகப் பேசுங்கள். அவருடைய வயதுக்கும் பேச்சுக்கும் நல்ல வேலை அதுதான்.

அரசின் முதியோர் உதவித்தொகை மாதாமாதம் உண்டு. ஆதாரையும் மற்ற காகிதங்களையும் தொலைத்துவிட்ட கிழவிக்கு அது எட்டாத பணம். சபையில் ரிட்டயர்டான வி.ஏ.ஓ.வோ தாலுகா ஆபீஸ் கிளார்க்கோ இருந்தால் விடாதீர்கள். சமையலுக்கு வருகிற ஐந்து பேரைவிட அவர் ஒருவரால் ஆகிற காரியம் அதிகம். அப்புறம், தங்குமிடம். பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில், வருடம் முழுக்க இரவும் பகலும் இயங்கும் தங்குமிடங்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. 2011 கணக்கெடுப்பிலேயே மதுரை மாநகராட்சி பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. எங்கெங்கே இருக்கின்றன, பெண்களுக்குத் தனி இடம் உண்டா என்று மாநகராட்சியில் கேட்டு, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்க்காத இடத்துக்கு யாரையும் போகச் சொல்ல முடியாது.

இல்லங்களுக்குப் பணம் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் இல்லத்துக்கு வரமாட்டேன் என்கிறவர் கடை வாசலில்தான் இருப்பார், அவரிடம் யாராவது போய்த்தான் ஆக வேண்டும்.

வாலிபர்கள் குறைவதைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். நூறு பொட்டலத்தை வேகவேகமாகக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற பையனுக்கு யாருடைய முகமும் நினைவில் நிற்பதில்லை, அதனால் அடுத்த வாரம் வரக் காரணமும் இருப்பதில்லை. பன்னிரண்டு பேரும் எல்லா வாரமும் வர வேண்டாம். மூன்று மூன்று பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு மாதம் ஒரு தடவை. அப்போஸ்தலர் 6-இல் விதவைகள் சரியாக விசாரிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்ததும் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து அந்த வேலையை ஒப்படைத்தார்கள். பரிட்சை நேரத்தில் வராதவரைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம்.

வரும் செவ்வாய் எதுவும் சமைக்காதீர்கள். இரண்டு பேர் மட்டும், கடைகள் அடைத்த பிறகு, டவுன்ஹால் ரோட்டிலிருந்து மேலமாசி வீதி, வடக்குமாசி வீதி வழியாக நடந்துவிட்டு வாருங்கள். தூங்குபவரை எழுப்ப வேண்டாம். விழித்திருப்பவரிடம் ஊர் எது, சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். தார்ப்பாயும் தட்டும் நான் வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்