தட்டிலா கோளாறு, காற்றிலா?

கேள்வி: எங்கள் கல்லூரி விண்ட் டனலில் வழவழப்பான தட்டின் மேல் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் காற்றை விட்டோம். பாடநூல் கணக்குப்படி எல்லை அடுக்கு (தட்டை ஒட்டி மெதுவாக ஓடும் மெல்லிய காற்றுப்படலம்) அரை மீட்டர் வரை சீராக ஓட வேண்டும். எங்களுக்கோ 10 செ.மீ. தாண்டியதுமே கொந்தளித்துவிடுகிறது. ஏன்?
– பொறியியல் மாணவி

பதில்: தட்டைக் குறை சொல்லும் முன், அதற்கு வந்து சேரும் காற்றை அளந்து பாருங்கள். உங்கள் அரை மீட்டர் கணக்கு, ரெனால்ட்ஸ் எண் (காற்றின் வேகத்தை முன்விளிம்பிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கி, இயக்கப் பாகுநிலையால் வகுத்த எண்) 5 லட்சத்தைத் தொடும்போது சீரோட்டம் குலையும் என்பதிலிருந்து வருகிறது. அது மாறாத விதியல்ல. 1940-களில் அமெரிக்காவில் ஷூபாவர், ஸ்கிராம்ஸ்டாட் என்ற ஆய்வாளர்கள் வருகாற்றின் வேகத் துடிப்பை 0.1 சதவீதத்துக்கும் கீழே அடக்கியபோது, சமதட்டில் சீரோட்டம் 28 லட்சம் வரை தாக்குப்பிடித்தது. உங்கள் வேகத்தில் அது 2.8 மீட்டர்! துடிப்பு 3 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1 லட்சத்திலேயே சீரோட்டம் குலையத் தொடங்கும். உங்கள் 10 செ.மீ. அங்கேதான் வருகிறது.

அமைதியான காற்றில் மெல்லிய அலைகள் நிதானமாக வளர்ந்து, பிறகுதான் உடையும். துடிப்பு 1 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கட்டமே இல்லை. வேகமாகத் துடிக்கும் சிறு சுழல்களை எல்லை அடுக்கு வெளியிலேயே நிறுத்திவிடும். மெதுவாகத் துடிப்பவை உள்ளே இறங்கும். அவை தட்டோரத்து மந்தக் காற்றை மேலே தூக்கி, மேலிருக்கும் வேகக் காற்றைக் கீழே தள்ள, ஓட்டத் திசையில் நீளநீளமான பட்டைகள் உருவாகும். ஹாட் வயரில் (காற்றின் வேகத்தை அளக்கும் சூடான மெல்லிய கம்பி) இது மெதுவான ஏற்ற இறக்கமாகத் தெரியும். மோட்டார் அதிர்வு என்று நினைத்து அதை வடிகட்டிவிடாதீர்கள்! பட்டை தள்ளாடி உடையும் இடத்தில்தான் கொந்தளிப்புத் திட்டு பிறக்கிறது.

முதலில் தட்டின் முன்விளிம்புக்குச் சற்று முன்னால் துடிப்பை அளங்கள். அதிகமாக இருந்தால், காற்றை அமைதிப்படுத்த டனலில் வைத்திருக்கும் வலைகளைப் பாருங்கள். நெருக்கமான வலை நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். திறந்த பரப்பு சுமார் 57 சதவீதத்துக்குக் கீழே போனால் துளைகளிலிருந்து வரும் தாரைகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓட்டத்தை இன்னும் கெடுக்கும். தூசி அடைத்த வலையும் இதையேதான் செய்யும். காற்றை நேராக்கும் தேன்கூட்டு அறைகளின் நீளம், விட்டத்தைப் போல 6 முதல் 8 மடங்கு இருக்கட்டும்.

தட்டின் பின்விளிம்பு மடிப்பை (ஃபிளாப்) சற்றே திருப்பியும் பாருங்கள். கொந்தளிக்கும் இடம் சட்டென்று பின்னால் போனால், அதுவரை காற்று முன்விளிம்பிலேயே தட்டை விட்டுப் பிரிந்துகொண்டிருந்தது என்று பொருள். வலையை மாற்றிப் பயனில்லை.

கேள்வி: ஏற்கெனவே கொந்தளித்த எல்லை அடுக்கை வெளிக் கொந்தளிப்பு பாதிக்குமா?
– விரிவுரையாளர்

பதில்: பாதிக்கும். உராய்வும் வெப்பக் கடத்தலும் கூடும். டர்பைன் இதழ்களைக் குளிர்விப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. சதவீதத்தை மட்டும் குறித்தால் போதாது. அதே 5 சதவீதம், சுழலின் அளவு எல்லை அடுக்கின் தடிமனோடு ஒப்பிட எப்படி என்பதைப் பொறுத்து வேறு விளைவு தரும். இரண்டையும் பதிவு செய்யுங்கள்.