தொட்டுப் பார்த்து வாங்குங்கள், பேசிவிட்டுச் சாப்பிடுங்கள்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் மேசையில் பதினோரு ஆண்டுகள் நின்றவள் நான். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான உடைகள் என் கை வழியாகப் போகும். வேலை இல்லாத நாட்களில் தோழிகள் மூவரோடு கடைகளைச் சுற்றுவதும் எங்காவது உட்கார்ந்து சாப்பிடுவதும் எனக்கு மிகவும் பிடித்தவை. இரண்டையும் பற்றி இளம்பெண்கள் பலர் கேட்டிருந்தார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): அக்கா, கடையில் மாட்டியிருக்கும்போது அழகாகத் தெரியும் உடை இரண்டு சலவையிலேயே உருக்குலைந்து போகிறது. வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. உடையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்புங்கள். வெளிப்பக்கத்தை அழகாக்கிக் காட்டுவது எளிது. தைத்தவரின் அக்கறை உள்பக்கத்தில்தான் தெரியும்.

முதலில் பக்கவாட்டுத் தையலைப் பாருங்கள். சாதாரணச் சட்டைத் துணியில் ஓர் அங்குலத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு தையல் இருப்பது நல்லது. கட்டைவிரலின் நுனிக்கணு ஏறக்குறைய ஓர் அங்குலம், அதைத் தையல்மேல் வைத்து எண்ணிவிடலாம். ஆறோ ஏழோதான் இருந்தால் வைத்துவிடுங்கள். பிறகு தையலின் இரண்டு பக்கத்தையும் பிடித்து மெதுவாக இழுங்கள். நடுவில் ஏணிப்படிபோல நூல்கள் விலகி வெளிச்சம் தெரிந்தால், நெசவு தளர்வாக இருக்கிறது என்று பொருள். அந்த உடை முதலில் கிழியும் இடம் கை இடுக்கோ இடுப்போதான்.

அடுத்து, தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அரை அங்குலமாவது இருந்தால் பின்னால் பிரித்துத் தளர்த்திக்கொள்ளலாம். கோடு போட்ட துணியென்றால் தையலின் இரு பக்கமும் கோடுகள் சேர்கின்றனவா என்று கவனியுங்கள். கோட்டைச் சேர்த்து வெட்டக் கூடுதல் துணி வேண்டும். அந்தச் செலவைச் செய்தவர்கள் மற்ற இடங்களிலும் கஞ்சத்தனம் காட்டியிருக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

கடைசியாக, ஓர் ஓரத்தைக் கைக்குள் அள்ளிப் பத்து விநாடி இறுகப் பிடித்து விடுங்கள். அப்போது விழும் சுருக்கங்கள்தான் நீங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழும்போதும் விழும்.

கேள்வி (வேலைக்குப் போகத் தொடங்கியவர்): ரேயான் சட்டை ஒன்று வாங்கினேன். துவைத்ததும் சுருங்கிவிட்டது. ரேயானே மோசமான துணியா?

பதில்: மோசமில்லை, அதன் குணம் வேறு. என் முதல் சம்பளத்தில் வாங்கிய சட்டையும் அதுதான். மெல்லிய பச்சை, தொட்டால் வழுக்கிக்கொண்டு போகும். நனைத்து, பருத்தியை முறுக்குவதுபோல முறுக்கிப் பிழிந்தேன். காய்ந்தபோது கை நீளம் மணிக்கட்டுக்கு மேலே ஏறியிருந்தது, தோளோரம் நைந்திருந்தது. அன்று அழுதேன். பிறகு தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்து துணிகளைப் பற்றிக் கற்றபோதுதான் காரணம் புரிந்தது.

ரேயான், விஸ்கோஸ் என்று சொல்வதெல்லாம் மரக்கூழிலிருந்து எடுக்கும் இழை. உலர்ந்திருக்கும்போது நன்றாகத் தாங்கும். நனைந்தால் வலிமையில் ஏறக்குறைய பாதி போய்விடும். பருத்தியோ நனைந்தால் இன்னும் வலுவாகும். ஆகையால் ரேயானைக் குளிர்ந்த நீரில் அலசி, முறுக்காமல் ஒரு துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, நிழலில் பரப்பி உலர்த்துங்கள். வாங்கும்போது கொஞ்சம் தளர்ந்த அளவாகவே எடுங்கள்.

உள்ளே தைத்திருக்கும் குறிச்சீட்டைத் தயவுசெய்து வெட்டி எறியாதீர்கள். தொட்டிப் படம் துவைப்பதற்கு, முக்கோணம் வெளுப்பதற்கு, சதுரம் உலர்த்துவதற்கு, வட்டம் உலர்சலவைக்கு. எதன்மேல் பெருக்கல் குறி இருக்கிறதோ அதைச் செய்யக்கூடாது. இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு புள்ளி என்றால் சூடு 110 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடாது. இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200.

குறிச்சீட்டே இல்லாத துணியென்றால், வீட்டில் தையலின் உள்ளோரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாக நிற்கும். பட்டும் கம்பளியும் முடி கருகும் வாசனை தரும்.

கேள்வி: புது ஜீன்ஸ் போட்டுக்கொண்டு தோழியின் வெள்ளைப் பையை மடியில் வைத்திருந்தேன். பையெல்லாம் நீலம். மன்னிப்புக் கேட்டுவிட்டேன், ஆனாலும் மனம் ஆறவில்லை.

பதில்: நீங்கள் கவனக்குறைவாக இருந்ததாக நினைக்க வேண்டாம். நீலச்சாயமாகிய இண்டிகோ நூலின் உள்ளே இறங்காமல் மேலே ஒரு பூச்சாகவே படிந்திருக்கும். ஜீன்ஸ் முழங்காலில் வெளுத்து உள்ளே வெள்ளை தெரிவதும் இதனால்தான். புதிதாக இருக்கும் வரை உரசும் இடத்திலெல்லாம் ஒட்டும். வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கி, உடையின் உள்மடிப்பில் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். எவ்வளவு ஒட்டும் என்று தெரிந்துவிடும். உடையைத் திருப்பிப் போட்டுத் தனியாக மூன்று நான்கு முறை துவைத்த பிறகு வெளிர்நிறப் பொருட்களோடு சேர்க்கலாம். பையைச் சுத்தம் செய்யும் செலவில் பங்கு தருவதாகத் தோழியிடம் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். கேட்டது மட்டும் நினைவில் நிற்கும்.

கேள்வி: கடையில் பார்த்த நிறம் வீட்டில் வேறாகத் தெரிகிறதே?

பதில்: விளக்குதான் காரணம். ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு சாயங்கள் இன்னொரு வெளிச்சத்தில் வேறுபடும். மேலாடைக்குப் பொருத்தமாக ஏதாவது வாங்கும்போது இரண்டையும் வாசலருகே பகல் வெளிச்சத்தில் சேர்த்துப் பார்க்கக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கேள்வி (ஒரே வகுப்பில் படிக்கும் மூவர் சேர்ந்து கேட்டது): உடை மாற்றிப் பார்க்கும் அறையிலிருந்து வெளியே வந்தால் எல்லாருக்கும் எல்லாமே நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். வீட்டுக்கு வந்தபின் வருத்தம். உண்மையைச் சொன்னால் மனம் புண்படுமே?

பதில்: கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் அன்புள்ள தோழி "ஆமாம்" என்றுதான் சொல்வாள். நாங்கள் நால்வரும் "எங்கே பிடிக்கிறது பார்" என்று கேட்போம். உடனே ஒருத்தி முதுகுப் பக்கம் போய் நிற்பாள். கையை மேலே தூக்கு, உட்கார், குனிந்து செருப்பைத் தொடு என்பாள். தூக்கிய கை இறங்கியதும் தோள்தையல் தன் இடத்துக்குத் திரும்புகிறதா, பொத்தான்களுக்கு நடுவே துணி வாய் பிளக்கிறதா, உட்காரும்போது இடுப்பு வெட்டுகிறதா என்று அவள் பார்ப்பாள். அத்தனையும் துணியைப் பற்றிய பேச்சு. உங்கள் உடலைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டியதில்லை. யாராவது "உனக்கு இடுப்பு பெரிது" என்றால், "வெட்டு சரியில்லை என்று சொல்" என்று அங்கேயே திருத்துங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அளவு பொருந்தவில்லையென்றால் தவறு உடையுடையது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): என் வருமானம் குறைவு. சாப்பிடப் போனால் தோழிகள் பில்லைச் சமமாகப் பிரிக்கிறார்கள். நான் விலை குறைந்ததாகப் பார்த்து ஒன்றே ஒன்று சொல்கிறேன். அவர்கள் மூன்று நான்கு வாங்குகிறார்கள். சொல்லவும் முடியவில்லை, போகாமல் இருக்கவும் மனமில்லை.

பதில்: வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

உங்கள் தோழிகள் உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. சமமாகப் பிரிக்கும் முறையே எல்லாரையும் கொஞ்சம் கூடுதலாக வாங்கத் தூண்டுகிறது. கூடுதலாக ஒன்று சொன்னால் அதன் விலை நால்வர்மீதும் பரவிவிடுகிறது. சொன்னவருக்குக் கால் பங்குதான் உறைக்கும். யூரி நீசி என்ற பொருளியல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இதைச் சோதித்தார்கள். ஆறு ஆறு பேராக உணவகத்தில் உட்காரவைத்து, சில குழுக்களில் அவரவர் செலவை அவரவரே கொடுக்க வேண்டும் என்றும், சில குழுக்களில் சமமாகப் பிரிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். சமமாகப் பிரித்தவர்கள் தெளிவாகவே அதிகம் வாங்கினார்கள். ஆகவே நீங்கள் படும் சங்கடம் கஞ்சத்தனமும் இல்லை, கற்பனையும் இல்லை.

சொல்ல வேண்டிய நேரம் பில் வந்த பிறகு இல்லை. அப்போது சொன்னால் அது குற்றச்சாட்டாகக் கேட்கும். எங்கே போகலாம் என்று பேசும்போதே சொல்லிவிடுங்கள்: "இந்த மாதம் எனக்கு இவ்வளவுதான் முடியும், என்னுடையதை நான் தனியாகக் கொடுத்துவிடுகிறேன்." அவ்வளவுதான். காரணமோ விளக்கமோ வேண்டாம். உட்கார்ந்ததும், என்ன வேண்டும் என்று கேட்க வருபவரிடம் எனக்குத் தனிப் பில் என்று சொல்லிவிட்டால் மேசையில் கணக்குப் போடும் வேலையே இருக்காது.

எங்கள் நால்வரில் ஒருத்திக்கு இரண்டு ஆண்டுகள் வேலை இல்லை. நான்காம் மாதம்தான் வாய் திறந்தாள். அதுவரை வயிறு சரியில்லை என்று சொல்லித் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் அந்தக் கண்ணாடித் தம்ளர் காலியாவதும் நிரம்புவதுமாக இருந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நாங்கள் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. அதன்பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே, மற்ற மாதங்களில் யாராவது ஒருவர் வீட்டில் என்று மாற்றிக்கொண்டோம். நன்றாகச் சம்பாதிக்கும் பெண்கள் இதைப் படித்தால், இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் குழுவில் குறைவாகச் சம்பாதிப்பவருக்குக் கொடுங்கள்.

கேள்வி: தோழிகளோடு வாங்கும் கவரிங் தோடுகள் எனக்கு மட்டும் அரிக்கின்றன.

பதில்: நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். மலிவான உலோகக் கலவைகளில் நிக்கல் இருக்கும். வியர்வை அதைக் கரைத்துத் தோலுக்குள் விடும். ஒருமுறை இந்த ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் போவதில்லை. டைட்டானியம் தோடுகளைத் தேடுங்கள். புண்ணாகிவிட்டிருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். தோழியின் தோட்டை வாங்கிப் போட்டுப் பார்க்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கடையில் மாதிரிக்கு வைத்திருக்கும் உதட்டுச்சாயத்தைப் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: உதட்டில் வேண்டாம். எத்தனை பேர் தொட்டதோ தெரியாது. விரல் நுனியில் நிறம் பாருங்கள். உதட்டின் நிறத்துக்கு அதுதான் நெருக்கம். கண்மை, மஸ்காரா ஆகியவற்றைத் தோழிகளுக்குள்ளும் மாற்றிக்கொள்ளாதீர்கள், கண்நோய் அப்படியே பரவும். டப்பாவின்மேல் மூடி திறந்த ஜாடிப் படமும் அதனுள் 6, 12 போன்ற எண்ணும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதங்களுக்குத்தான் பயன்படுத்தலாம். திறந்த தேதியைப் பேனாவால் அடியில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: முதலில் சாப்பாடா, முதலில் கடையா?

பதில்: ஏதாவது கொஞ்சம் கொறித்துவிட்டுக் கடை, முடிவில் சாப்பாடு. பசியோடு போனால் பொறுமை போய் எதையோ எடுத்துவிடுவோம். முதலிலேயே நிறையச் சாப்பிட்டால் மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு சுற்ற வேண்டியிருக்கும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் வைக்கக்கூடாது. கடும் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். செருப்பு, ஷூ வாங்குவதையும் மாலைக்கே வையுங்கள். நடந்து நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் உண்மையான அளவு. இரண்டு காலிலும் போட்டுப் பார்த்து, பெரிய பாதத்துக்குப் பொருந்துவதை எடுங்கள்.

கேள்வி: எதுவும் வாங்காமல் சுற்றிவிட்டு வருகிறோம். நேரத்தை வீணாக்குகிறாய் என்று வீட்டில் திட்டுகிறார்கள்.

பதில்: இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது வெளிவரும் பேச்சு எதிரெதிரே உட்கார்ந்தால் வருவதில்லை. என் தோழி தன் வேலையை விடப்போவதை என்னிடம் முதலில் சொன்னது, நாங்கள் குடைகள் அடுக்கியிருந்த அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான். ஒரு மஞ்சள் குடையை விரித்து, மூடி, மறுபடி விரித்தபடியே சொன்னாள். குடை வாங்கவில்லை. அந்த மாலை வீணானதாக நான் நினைக்கவே இல்லை. திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். பாதித் திட்டு அதிலேயே குறையும்.

கேள்வி: என் தோழிக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. உணவகத்தில் அவள் பேச்சில் கலந்துகொள்ளாமல் சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

பதில்: நீங்கள் கவனித்ததே பெரிது. சத்தம் கூடும்போது எல்லாரும் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். அதனால் சத்தம் இன்னும் கூடும். எத்தியென் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். ஆகவே கூட்டம் சேரும் முன்பே போய்விடுங்கள். சமையலறைக் கதவிலிருந்தும் பாட்டு ஒலிக்கும் பெட்டியிலிருந்தும் விலகிய மூலை மேசை வேண்டும். அவளுக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும், கேட்கும் காது உங்கள் பக்கம் இருக்கட்டும், வெளிச்சம் உங்கள் முகங்களில் விழட்டும். உதடு தெரிந்தால் பாதி புரியும். எந்தப் பக்கம் உட்கார வசதி என்று அவளிடமே கேட்டுவிடுங்கள். அவள் இரண்டாம் முறை கேட்டால் "ஒன்றுமில்லை, விடு" என்று மட்டும் சொல்லாதீர்கள்; சொன்னதையே இன்னொரு முறை சொல்லுங்கள்.

கேள்வி: படிப்பு முடிந்து ஆளுக்கொரு வேலை. சந்திக்கலாம் என்று பேசுகிறோம், ஆறு மாதமாக நாள் அமையவில்லை.

பதில்: எல்லாருக்கும் ஒத்துவரும் நாளைத் தேடினால் அமையாது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை என்பதுபோல ஒன்றை நிலையாக வைத்துவிடுங்கள். இருவரால்தான் வர முடியும் என்றால் இருவராகப் போங்கள். வராதவருக்கு அன்றிரவே ஒரு புகைப்படம் அனுப்பி, அடுத்த மாதம் எந்த இடம் என்பதை அவரையே சொல்லச் சொல்லுங்கள். எங்கள் நால்வருக்கு அப்படித்தான் ஒன்பதாம் ஆண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. வரும் சனிக்கிழமை இடம் சொல்ல வேண்டியவள் நான்.