10 அடி அகலக் குசினியில் ஐலண்ட் வேண்டாம்

வணக்கம். வெள்ளவத்தையிலுள்ள உங்கள் அடுக்குமாடி வீட்டின் 10 அடி அகலக் குசினியில், இரு சுவரோரமும் 2 அடி மேடை இருக்க, நடுவே 3 அடி அகல ஐலண்ட், அதாவது சுவரோடு ஒட்டாமல் தனியே நிற்கும் மேடை, வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி வைத்தால் இருபுறமும் ஒன்றரை அடி வழியே மிஞ்சும். ஒருவர் நின்று வசதியாகச் சமைக்கவே மூன்றரை அடி தேவை என்பதால், அதற்குப் பதிலாக ஒரு மேடையின் முனையை இரண்டரை அடி குறுக்காக நீட்டிக்கொள்ளுங்கள்.

தேசிக்காய்ச் சாறும் புளியும் மாபிளின் மினுக்கத்தை அரித்துவிடும்; ஆகவே மேடைக் கல்லுக்குக் கிரனைட்டே நல்லது.

கல்லின் விளிம்பு கீழ் அலுமாரிக் கதவைத் தாண்டி இரண்டு அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும் என்று மேசன் பாஸிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், ஏனெனில் அந்த இடமில்லாவிட்டால் தேங்காய் திருவியின் திருகைப் பூட்டவே முடியாது. பூட்டும்போது இடையில் ஒரு ரப்பர்த் துண்டை வையுங்கள்.